குப்பை எது, கேள்வி எது?

போன மாதம் ஒரு பையனை எங்கள் குழுவிலிருந்து தூக்கிவிட்டேன். அதற்கு எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. அந்த மூன்று விநாடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நிரலாக்கம் கற்றுக்கொள்கிற தமிழ் மாணவர்களுக்கென்று டெலிகிராமில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற ஒரு குழு. ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். நானூறு பேர் வரை இருக்கிறார்கள். ஒருவர் தன் நிரலைப் போட்டு "ஏன் ஓடமாட்டேங்குது?" என்று கேட்பார், தெரிந்தவர் பதில் சொல்வார். அவ்வளவுதான். ஆனால் நானூறு பேர் கூடுகிற இடத்தைத் தேடி வேறு ஆட்களும் வந்துவிடுகிறார்கள். காலையில் எழுந்து சிலிபின் வீட்டு வாசலில் காப்பியோடு உட்கார்ந்தால், முதல் வேலையே துடைப்பம் எடுப்பதுதான். "பகுதி நேர வேலை, ஒரு நாளைக்கு 300 வெள்ளி", கிரிப்டோ, கடன், இன்னும் இங்கே எழுத முடியாத சிலது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வரும். விரல் பழகிவிட்டது. அழி, நீக்கு, அடுத்தது.

அந்தப் பையன் பத்து நிமிடத்துக்குள் ஒரே படத்தை நான்கு முறை போட்டிருந்தான். மடிக்கணினித் திரையைக் கைப்பேசியில் எடுத்த மங்கலான படம். அதன் கீழே சுருக்கிய இணைப்பு ஒன்று. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். குப்பைக்கு உள்ள எல்லா அடையாளமும் பொருந்தி இருந்தது. அழி, நீக்கு.

இரண்டு நாள் கழித்து வேறோர் எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "அண்ணே, இது அம்மா போன். நான் என்ன தப்பு செஞ்சேன்? ஏன் தூக்கிட்டீங்க?" நான்காம் படிவம் படிக்கிறான். அவன் இருக்கிற பக்கம் லைன் சரியாக வராது. அனுப்பியது போகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறான். அந்த இணைப்பில் இருந்தது அவனே எழுதிய நிரல்.

அன்றைக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நானும் ஒரு காலத்தில் ஒருவர் வாசலில் குப்பை கொட்டியவன்.

2020, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆண்டு. நான் ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருந்தது. டிஜிட்டல்ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்று ஒன்று நடத்தும். கிட்ஹப்பில் இருக்கும் திறந்த மூல மென்பொருள்களுக்கு அந்த மாதத்துக்குள் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் அப்போது ஒரு டி-சட்டை இலவசம். இப்படி அனுப்புவதை 'புல் ரிக்வெஸ்ட்' என்பார்கள். அதாவது, "உங்கள் மென்பொருளில் இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறேன், பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற விண்ணப்பம். நோக்கம் நல்லதுதான். புதியவர்கள் பயம் விட்டு உள்ளே வரவேண்டும் என்பதற்காகச் செய்தது.

அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து ஒரு யூடியூப் காணொலி பரவியது. எனக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் திரையில் சுட்டி போகிற இடம் புரிந்தது. ஏதாவது ஒரு மென்பொருளைத் திற, அதன் 'ரீட்மி' அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர், அனுப்பு. முடிந்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மாணவர்கள் அதையே செய்தார்கள். தலைப்புக்குப் பின்னால் "அமேசிங் ப்ராஜெக்ட்" என்று ஒட்டவைத்து அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி, இன்னோரிடத்தில் "வெரி" என்ற ஒரு சொல். இப்படி நான்கு.

அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. திறந்த மூல மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைச் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து, இரவு நேரத்தில்தான் யாரோ ஒருவர் பராமரிக்கிறார். நாம் அனுப்புகிற ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அவர் திறந்து, படித்து, குப்பை என்று முத்திரை குத்தி மூடவேண்டும். அந்த அக்டோபர் முதல் தேதி பலருக்கு நாள் முழுக்க இதே வேலையாகப் போனது. டொமினிக் டெனிகோலா என்ற நிரலாளர், ஒரு நிறுவனமே காசு போட்டு நடத்துகிற தாக்குதல் இது என்கிற பொருள்பட எழுதினார். நிறுவனம் முதல் வாரத்திலேயே விதியை மாற்றியது. விருப்பம் தெரிவித்த மென்பொருள்களுக்கு அனுப்பியது மட்டும்தான் கணக்கில் சேரும் என்றது. 2023-இல் டி-சட்டையே கொடுக்கவில்லை. எனக்குச் சட்டை வரவில்லை. அப்போது கோபம்தான் வந்தது, "சும்மா ஏமாத்துறாங்க" என்று.

ஆக, கேள்வி இதுதான். அன்று நான் அனுப்பியது குப்பை. இந்தப் பையன் அனுப்பியது கேள்வி. ஆனால் வாசலில் நிற்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. அவன் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது? பொருளையா, கொண்டுவந்தவன் மனதையா?

பாட்டியிடம் இதைச் சொன்னேன். கணினி விஷயம் பாட்டிக்கு என்ன புரியும் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பால் நிறுக்கிற மாதிரிதான்" என்றார். பாட்டி இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் வெட்டி, மங்குகளில் ஊறிய பாலை வாளியில் சேர்த்து, தூக்கிக்கொண்டு வந்து நிறுவையில் வைப்பார்கள். கிராணி ஒரு மிதக்கும் அளவுகோலைப் பாலில் விட்டுப் பார்ப்பார். கெட்டிப்பாலா, தண்ணீர்ப்பாலா என்று அது காட்டும். தண்ணீர் கலந்து எடையைக் கூட்டுகிறவர்கள் இருந்தார்கள், பாட்டி அதை மறைக்கவில்லை. "நம்ம ஆளுங்களும் செஞ்சாங்கதான்." ஆனால் வெட்டி முடித்துப் பால் எடுப்பதற்குள் ஒரு தூறல் விழுந்தாலும் அளவுகோல் அதே இடத்தில்தான் நிற்கும். மழைத் தண்ணீரா வாளித் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது.

"ஒரு கிராணி இருந்தாரு, அளவைப் பாப்பாரு, எழுதுவாரு, அடுத்த ஆள். மூஞ்சியைப் பாக்கமாட்டாரு. இன்னொருத்தர் வந்தாரு, அவரு கேப்பாரு, உனக்கு எந்த நெரைம்மா, அங்க மழை பேஞ்சுச்சான்னு. அவரும் கூலியைக் குறைப்பாருதான். ஆனா கேட்டுட்டுக் குறைப்பாரு."

இந்தக் கடைசி வரி எனக்கு இரண்டு நாள் மனதிலேயே கிடந்தது. அவரும் குறைத்தார். தண்ணீர்ப்பாலைக் கெட்டிப்பால் என்று எழுதமுடியாது. எழுதினால் ஒழுங்காகக் கொண்டுவந்தவருக்கு அநியாயம். பாட்டிக்கு ஆறாமல் இருப்பது குறைந்த காசு இல்லை. நாற்பது ஆண்டு கழித்தும் அவர் நினைவில் நிற்பது, 'என்னைக் கேட்கவில்லை' என்பது.

சமய வகுப்பில் கண்ணப்ப நாயனார் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். கேட்கும்போது நம் மனம் திண்ணனார் பக்கம்தான் ஓடும். எனக்கு இப்போது சிவகோசரியார் பக்கம் ஓடுகிறது. அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காளத்தி மலையில் ஆகம முறைப்படி பூசை செய்கிறவர். காலையில் வந்து பார்த்தால் சாமி மேலே இறைச்சி, எலும்பு. பதறிப்போய்ச் சுத்தம் செய்கிறார், குளித்துவிட்டு வந்து மறுபடி பூசை செய்கிறார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. எந்த விதிப்படி பார்த்தாலும் அது அசுத்தம்தான். அவர் துடைத்தது தப்பா? பெரியபுராணத்தில் சிவபெருமான் அவரைக் கண்டிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கனவில் வந்து, கொண்டுவந்து வைப்பவனுடைய அன்பைச் சொல்லி, நாளைக்கு மறைந்திருந்து பார் என்கிறார். விதியை மாற்றச் சொல்லவில்லை, துடைக்காதே என்றும் சொல்லவில்லை. பார் என்கிறார்.

நான் அந்தப் பையன் விஷயத்தில் பார்க்கவில்லை. அவன் பெயரைத் தொட்டு, முன்பு என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு வாரத்துக்கு முன்பு வேறொரு பிள்ளையின் கேள்விக்கு அவன் பதில் சொல்லியிருந்தான். பிறகுதான் பார்த்தேன்.

ஆனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு, "எல்லாரும் கண்ணப்பர், எதையும் அழிக்காதே" என்று முடித்துவிட்டால் அது சோம்பேறித்தனம். இறைச்சி கொண்டுவந்த நூறு பேரில் கண்ணப்பர் ஒருவர்தான். மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவைத்தால் கோயிலில் யாரும் நிற்கமுடியாது. எங்கள் குழுவில் ஒரு வாரம் நாங்கள் மூவரும் தேர்வில் இருந்தோம், துடைக்க ஆளில்லை. அந்த வாரத்தில் ஒரு தங்கை 300 வெள்ளி வேலை விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டிவிட்டாள். அந்த இணைப்பு எங்கள் குழுவில் இருந்ததுதான். யாரையும் நோகடிக்காத நல்லவனாக இருப்பதும் சில நேரம் அடுத்தவர் செலவில்தான் நடக்கிறது.

குப்பை என்பது கெட்ட எண்ணத்தோடு மட்டும் வருவதில்லை என்பதற்குத் தமிழிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. தமிழ் வளரவேண்டும் என்ற நோக்கம்தான். வந்ததோ நீள நீளமான கட்டுரைகள், தமிழில் யாரும் பேசாத வாக்கியங்கள், இங்கே யாரும் தேடாத தலைப்புகள். ஏற்றியவர்கள் ஏற்றிவிட்டுப் போனார்கள், திருத்தவேண்டியதோ சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் பேசாமல் விழுங்கவும் இல்லை, கதவை அடித்துச் சாத்தவும் இல்லை. என்ன குறை என்று எடுத்துக்காட்டி நிறுவனத்தோடு பேசினார்கள். 2010-ஆம் ஆண்டு விக்கிமேனியா மாநாட்டுக்கு அதை ஒரு மதிப்பாய்வாகவே எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திடம் 'உங்கள் தானம் எங்களுக்குச் சுமை' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், லா.

இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால், கேள் பிறகு தீர்ப்புச் சொல் என்பதோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். எனக்கு முடியவில்லை. 2024-இல் நடந்த ஒன்று அதைக் குழப்பிவிட்டது.

எக்ஸ்இசட் என்று ஒரு மென்பொருள். கோப்புகளைச் சுருக்குவதற்கு. உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் பல ஆண்டுகளாகத் தனியாளாக அதைப் பார்த்துவந்தார். 2022-இல் அவருக்குக் குறைகூறும் கடிதங்கள் வரத் தொடங்கின. ஏன் இவ்வளவு தாமதம், வேலை நகரவே இல்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. அவர் மறைக்காமல் பதில் எழுதினார். மனநலப் பிரச்சினை நெடுநாளாக இருக்கிறது என்றும், இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வைக்கவேண்டும் என்றும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஜியா டான் என்ற பெயர். பணிவானவர், பொறுமையானவர், அனுப்புகிற திருத்தங்கள் எல்லாம் சுத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் பொறுப்பு போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் அவர் ஒரு ரகசியக் கதவை வைத்திருந்தார். அது பரவியிருந்தால் எத்தனையோ சேவைக் கணினிகளுக்குள் அவரால் நுழைந்திருக்க முடியும். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்து, மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். குறைகூறிக் கடிதம் எழுதிய ஆட்களும் பொய்ப் பெயர்களாக இருக்கவேண்டும் என்பதுதான் ஆராய்ந்த பலருடைய முடிவு. அவருக்கு முன்பும் பின்பும் அந்தப் பெயர்களை யாரும் எங்கும் பார்த்ததில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. என் கணக்கெல்லாம் தலைகீழ். மங்கலான படத்தை நான்கு முறை போட்டவன் நல்லவன். இரண்டு ஆண்டுக்கு மேல் கைகட்டி உதவி செய்தவர் திருடர். குப்பையைத் தேடித் தேடித் துடைக்கிற நம் கண்ணுக்கு, உண்மையான ஆபத்து சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும். மறைந்திருந்து பார்த்தாலும் அவர் நல்லவராகவே இருந்திருப்பார்.

திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தில், காது கசக்கிற சொல்லையும் பொறுத்துக்கொள்கிற அரசனை வள்ளுவர் உயர்த்திச் சொல்கிறார். குழு நடத்துகிற எங்களைப் போன்றவர்களுக்கு யாராவது அறிவுரை சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: குறைசொல்பவனைக் கேள், கோபப்படாதே. ஆனால் லாசே காலின் கேட்டார். கசப்பைப் பொறுத்தார். அந்தப் பொறுமை வழியாகத்தான் திருடன் உள்ளே வந்தான். அப்படியென்றால் குறள் தப்பா?

நிறைய யோசித்தேன். வள்ளுவர் பேசுவது ஓர் அரசனைப் பற்றி. அவனுக்குப் பக்கத்தில் அமைச்சன் இருக்கிறான், நண்பன் இருக்கிறான், தப்பு செய்தால் இடித்துச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவரே தனித்தனி அதிகாரம் வைத்திருக்கிறார். பின்லாந்தில் ஒரு மனிதர் இரவில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத சிலருடைய கசப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். "இவங்க யாரு, திடீர்னு எங்கேருந்து வந்தாங்க?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அந்த மென்பொருளைப் பயன்படுத்திய கோடிக்கணக்கான கணினிகளின் சொந்தக்காரர்களில் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. நானும் இல்லை. என் மடிக்கணினியிலும் எக்ஸ்இசட் இருந்தது, அன்றைக்குத்தான் அதன் பெயரே தெரிந்தது.

நான் மூன்று விநாடியில் அழித்ததற்கும் இதற்கும் ஒரே வேர்தான் என்று இப்போது தோன்றுகிறது. தனியாக, களைத்துப்போய், சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் அழித்துக்கொண்டிருந்தேன். களைத்தவன் நல்லவனைத் தூக்குவான், அதே களைப்பில் கெட்டவனிடம் சாவியையும் கொடுப்பான். அதனால் 'எப்படித் தீர்ப்புச் சொல்வது' என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததே பாதிக் கேள்வி. எத்தனை பேர் சேர்ந்து வாசலில் நிற்கிறோம் என்பது மீதி. கோயில் திருவிழாவில் செருப்பு வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளக்கூட நாம் ஓர் இளைஞனைத் தனியாக நிறுத்துவதில்லையே.

இப்போது எங்கள் குழுவில் ஒருவரை நீக்கவேண்டும் என்றால் இரண்டு பேர் பார்க்கவேண்டும். அப்பட்டமான விளம்பரம் என்றால் உடனே அழித்துவிடுவோம், ஆளை மட்டும் நிறுத்திவைத்து, "தம்பி/தங்கச்சி, இது என்ன?" என்று தனியாக ஒரு வரி அனுப்புவோம். பெரும்பாலும் பதில் வராது. இயந்திரம் எங்கே பதில் சொல்லும்! துடைக்கிற வேலையை இன்னும் நான்கு பேரிடம் பகிர்ந்திருக்கிறோம், அதில் இரண்டு பேர் தங்கைகள். பிறகு, பெயர் போடாமல் குறை சொல்லலாம் என்று ஒரு படிவம் வைத்தோம். முதலில் வந்த குறையே, "இங்கே கேள்வி கேட்கப் பயமாக இருக்கிறது, சின்னக் கேள்வி கேட்டால் பெரிய அண்ணன்கள் சிரிக்கிறார்கள்" என்பதுதான். நான் உடனே ஒரு நீளமான பதில் எழுதத் தொடங்கினேன், நாங்கள் அப்படியெல்லாம் இல்லை என்று. பாதியில் அழித்துவிட்டேன். நிரலாளர்கள் கேள்வி கேட்கிற மிகப் பெரிய தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே, புதியவர்களுக்கு எங்கள் இடம் இதமாக இல்லை என்று 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நாங்கள் எம்மாத்திரம்? அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். எந்தக் கேள்விக்கு என்றுகூட நினைவிருக்கிறது.

அந்தப் பையனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவால்லண்ணே" என்றான். திரும்பச் சேர்த்துக்கொண்டோம். அவன் நிரலில் இருந்த தப்பு ஒரு நிறுத்தக்குறிதான், ஐந்து நிமிடத்தில் சரியானது. குழுவில் எல்லாரும் எழுதுவதை அவன் படிக்கிறான் என்று தெரிகிறது. ஆனால் திரும்பி வந்த பிறகு இதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன வாரம் என் பழைய கிட்ஹப் கணக்கைத் திறந்து 2020 அக்டோபரில் நான் அனுப்பிய நான்கையும் தேடினேன். அப்படியே இருக்கின்றன. மூன்றின் மேல் குப்பை என்ற முத்திரை, வேறு சொல் இல்லை. நான்காவதிலும் அதே முத்திரைதான். ஆனால் கீழே அந்த மனிதர் இரண்டு வரி எழுதியிருக்கிறார். இதை ஏற்கமுடியாது, ஆனால் உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஆசை என்றால் இந்தக் கோப்பைப் படித்துவிட்டு மறுபடி வா என்று. அந்த நாளில் அவருக்கு அப்படி எத்தனை வந்திருக்கும்! பதினேழு வயதில் நான் அந்த வரியைப் படிக்கவே இல்லை, முத்திரையைப் பார்த்ததோடு மூடிவிட்டேன். இப்போது அதற்குக் கீழே ஒரு மன்னிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன், அதுவும் அவருக்கு இன்னொரு மின்னஞ்சலாகத்தான் போகும். எழுதவில்லை. அவர் சொன்ன கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.